சட்டசபையில் ஒரு டாக்டர் அம்மாள்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரைச் சொன்னதும் சென்னைவாசிகளுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நினைவுக்கு வரும். கிராமத்துத் தாய்மார்களுக்கு அவர் பெயரால் 1987 இல் தமிழக அரசு தொடங்கிய மகப்பேறு நிதியுதவி நினைவுக்கு வரும். அவர் சட்டசபையில் அமர்ந்து மசோதா கொண்டுவந்தவர் என்பது மட்டும் எப்படியோ பின்னுக்குப் போய்விட்டது. சட்டம் படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில்தான் ஈடுபாடு அதிகம். ஆகவே நம் சங்க மலரில் அவர் வாழ்க்கையைச் சொல்லப் புகும் நான், அந்த மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகவே இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மருத்துவம் பயிலும் நண்பர்கள் பொறுத்தருள்வார்களாக!

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886 ஜூலை 30 ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர், கல்வித்துறையில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தவர். இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பிற்காலத்தில் அவர் எதை எதிர்த்துப் போராடினார் என்பது மட்டுமல்ல, ஏன் அவ்வளவு கடுமையாகப் போராடினார் என்பதும் விளங்கும்.

பெண் பருவமடைந்தால் பள்ளியை விட்டு நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராஜா கல்லூரியில் சேர மனுச் செய்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று ஊரே கிளம்பிற்று. மகாராஜா குறுக்கிட்டு இடம் கொடுக்கச் செய்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912 இல் பட்டம். பிறகு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் வேலை. 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்துத்தான் மணந்தார். அந்தக் கணவரும் கடைசி வரை வாக்குத் தவறவில்லை. அவருக்கும் ஒரு வணக்கம் உரியதே.

1926 வரையில் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு வாக்களிக்கத்தான் உரிமை. சட்டசபைக்குள் கால் வைக்க உரிமை இல்லை. அந்தத் தடை நீங்கிய ஆண்டிலேயே கமலாதேவி சட்டோபாத்யாயா தேர்தலில் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். அடையாற்றில் இயங்கிவந்த இந்திய மாதர் சங்கத்தாரின் முயற்சியால் முத்துலட்சுமி அம்மையார் நியமன உறுப்பினரானார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்மணி அவர். மேனாட்டில் மேற்படிப்பை முடித்துத் திரும்பியிருந்த சமயம். நோயாளிகளை விட்டுவிட்டு அரசியலுக்குப் போவதா என்று முதலில் தயங்கினார் என்று அறிகிறோம். 1927 இல் சபையினர் ஏகமனதாக அவரை உபதலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

அவர் சபையில் கிளப்பிய விஷயங்களைப் படிக்கும்போது, ஒரு டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல் மாகாணத்தைப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றார். ஏழைப் பெண்களின் படிப்புச் செலவுக்காக வாதாடினார். பால்ய விவாகத்தைத் தடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அகில இந்தியாவுக்கும் பொருந்திய சாரதா சட்டம் 1929 இல் வந்தபோது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்ற வயதோடு நின்றுவிட்டது வேறு கதை. 1928 இல் அமைந்த ஹார்டாக் கல்விக் குழுவிலும் அவர் இருந்தார். இவையெல்லாம் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வரும் காரியங்கள் அல்ல. ஆனால் ஒரு சட்டசபை உறுப்பினரின் நாட்களில் பெரும்பகுதி இப்படித்தான் கழிய வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

கோயிலில் பெண்ணுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அதற்கு முன்பும் பலர் பேசியிருக்கிறார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் 372, 373 ஆம் பிரிவுகள் இருந்தன; இளம் பெண்ணைத் தீய நோக்கத்துக்காக ஒப்படைப்பதும் பெறுவதும் குற்றம். 1924 இல் வயது வரம்பைப் பதினெட்டாகவும் உயர்த்தினார்கள். இருந்தும் வழக்கம் நிற்கவில்லை. ஏன்? நம் விடுதி அறைகளில் நடக்கும் வாதங்களில் மக்கள் மனம் மாறாமல் சட்டம் என்ன செய்யும் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. அம்மையார் அந்தக் கேள்வியோடு நின்றுவிடவில்லை. வழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ஒரு வேர் நிலத்தில் இருந்தது.

கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் உண்டு. ஊழியம் நடக்கும்வரை நிலம் குடும்பத்தின் அநுபோகத்தில் இருக்கும். ஊழியம் செய்ய ஆளில்லை என்றால் நிலம் போய்விடும். ஆகவே ஒரு தாய் தன் மகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க விரும்பினாலும், அடுத்த தலைமுறைக்கு ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டித்தான் தீர வேண்டும். சோறு போடும் வயலுக்கு மகளே ஈடு! இந்த நிலையில் அந்தத் தாயைப் பார்த்து உபதேசம் செய்து என்ன பயன்?

1927 நவம்பரில் அம்மையார் கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை ஏற்றது. ஆனால் தீர்மானம் என்பது சிபாரிசுதான். மறு ஆண்டில் அவர் இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார். அது 1929 இல் சட்டமாயிற்று. நிலத்தைப் பெண்களிடமிருந்து பிடுங்காமல், நிலத்தின்மீது இருந்த ஊழியக் கட்டாயத்தை மட்டும் நீக்கியது அது. ஒரு தொகையைச் செலுத்திக்கொண்டு நிலத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். யாரும் கோயிலுக்கு ஆட வேண்டியதில்லை. தண்டனை என்ற பேச்சே இல்லாமல் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அவருடைய காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. மதத்தில் சர்க்கார் தலையிடுவதா என்றார்கள் சிலர். கலை அழிந்துவிடும் என்றார்கள் சிலர். தேவதாசிகளுமே மனுக் கொடுத்தார்கள். அந்த மனுக்களை ஏளனம் செய்ய என்னால் இயலவில்லை. அந்த மரபில் தாயின் சொத்து மகளுக்குப் போகும். பெண் குழந்தையைத் தத்து எடுக்கலாம். மற்ற இந்துப் பெண்களுக்கு இவ்வித உரிமைகளைத் தெளிவாகத் தந்த சட்டங்கள் 1956 இல்தான் வந்தன. தங்களிடம் இருப்பது பறிபோகும் என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே மரபில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ ஊர் ஊராகச் சென்று பொட்டுக்கட்டுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். ஒரே குலத்துப் பெண்கள் இரு பக்கமும் நின்ற போராட்டம் அது.

1930 தொடக்கத்தில் பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவை அம்மையார் சபையில் வைத்தார். அந்த ஆண்டு மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானார். அம்மையார் பதவியை ராஜினாமாச் செய்தார். மசோதா அந்தரத்தில் நின்றது.

இது சரியா? என் வகுப்புத் தோழர் ஒருவர், சபையில் இருந்தே போராடியிருக்க வேண்டும் என்கிறார். எனக்கும் அந்தக் காலக் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது. மசோதா சட்டமாகப் பதினேழு ஆண்டுகள் ஆயின. அந்தப் பதினேழு ஆண்டுகளிலும் சிறுமிகள் வளர்ந்துகொண்டுதானே இருந்தார்கள்? ஆனால் காந்தியடிகளைச் சிறையில் வைத்த ஆட்சி தந்த நியமனப் பதவியில் உட்கார்ந்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை.

சபையை விட்டு வந்தாலும் காரியம் அவரை விடவில்லை. அதே 1930 இல், அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சில பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதி கிடைக்கவில்லை. தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் அவ்வை இல்லம். பின்னர் அடையாற்றில் வேரூன்றி வளர்ந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருடன் எனக்கு உடன்பாடில்லை. சதிராட்டக் கச்சேரிகளே கூடாது என்று 1932 இல் பத்திரிகைகளில் எழுதினார், வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர் நாட்டியத்துக்காக எதிர்வாதம் செய்தார். நோயையும் உடம்பையும் பிரித்தறியத் தெரிந்த டாக்டர், இங்கே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்றே எண்ணுகிறேன். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பின்னாளில் உலகமே பார்த்து வியந்தது. ஆனாலும் தாயின் குலத்தில் நடந்ததைக் கண்டவரிடம், கலையை மட்டும் தனியே எடுத்து ரசியுங்கள் என்று சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்பதும் யோசிக்க வேண்டியதே.

1947 இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று அது தெளிவாகக் கூறிற்று.

அம்மையாருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வெடுக்கவில்லை. 1923 இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்த நாள்முதல் மனத்தில் இருந்த காரியம் ஒன்று மிச்சம் இருந்தது. பணம் திரட்டினார், அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். 1952 இல் நேருஜி அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் மருத்துவமனை திறந்தது; படுக்கைகள் பன்னிரண்டு. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956 இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22 ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், அம்மையார் காலமானார்.