வெப்பத்துக்குக் கணக்கு எழுதியவர்

வெந்நீர் ஒரு செம்பு, பச்சைத் தண்ணீர் ஒரு செம்பு. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் சூடு நடுவில் வந்து நிற்கும். இது அடுப்பங்கரையில் யாவரும் அறிந்த சங்கதி. வெந்நீருக்குப் பதில் சூடான பாதரசத்தை ஊற்றினால்? இந்தக் கேள்வியில் மேல்நாட்டுப் பண்டிதர்கள் பலர் இடறினார்கள். வழி கண்டவர் ஜோசப் பிளாக்.

1728-ல் பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் ஒரு மது வியாபாரிக்கு மகனாகப் பிறந்த அவர், ஸ்காட்லாந்தில் வைத்தியம் படித்து, 1756-ல் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஆசிரியரானார்.

பாரன்ஹீட் முன்பே செய்திருந்த ஒரு சோதனையைப் பிளாக் எடுத்துக்கொண்டார். 150 டிகிரிப் பாதரசத்தையும் 100 டிகிரித் தண்ணீரையும் சம அளவில் கலந்தால் 125 அல்ல, 120 டிகிரிதான் வரும் என்பது அவர் காட்டிய கணக்கு. (இன்றைய நுட்பமான அளவையில் 115-ஐ ஒட்டியே நிற்கும்.) பாதரசமோ தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமானது! எடைக்குத் தக்கபடி வெப்பம் பங்காகும் என்ற நம்பிக்கை அதோடு தகர்ந்தது. வெப்பத்தை ஏற்கும் சக்தி பொருளுக்குப் பொருள் வேறு என்றார் பிளாக். பள்ளிப் பாடத்தில் தன்வெப்பம் என்று வருவது இதுவே.

அடுத்து அவர் பனிக்கட்டியிடம் போனார். உருகும் நிலையை எட்டிய பனி, இன்னும் சிறிது சூடு பட்டாலே முழுதும் நீராகிவிடும் என்று எண்ணியிருந்த காலம் அது. அப்படியானால் வசந்த காலத்தில் மலைப்பனி எல்லாம் ஒரேயடியாக உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

ஒரே எடையுள்ள பனிக்கட்டியையும் குளிர்ந்த நீரையும் இரு கண்ணாடிக் குடுவைகளில் இட்டு ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். 33 டிகிரியில் இருந்த தண்ணீர் அரை மணியில் 40 டிகிரிக்கு ஏறிவிட்டது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரிக்கு வரப் பத்தரை மணி நேரம் பிடித்தது. அதாவது 21 அரை மணிகள். அரை மணிக்கு 7 டிகிரி வீதம் 147. உருகிய நீர் 32-லிருந்து 40-க்கு ஏறியதற்கு 8 போனால் 139. அத்தனை வெப்பத்தையும் விழுங்கிவிட்டு வெப்பமானியில் அசைவே காட்டவில்லை பனிக்கட்டி! இன்று கணக்கிடுவது ஏறக்குறைய 144. மணி பார்த்தே இவ்வளவு நெருங்கியது சாமானியமல்ல. உள்ளுறை வெப்பம் பிறந்த கதை இது.

அதே சர்வகலாசாலையில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட், நீராவியைக் குளிர்ந்த நீரில் செலுத்தியபோது, தன் எடையைப்போல் ஆறு மடங்கு நீரை அது கொதிநிலைக்கு ஏற்றுவதைக் கண்டு திகைத்தார். காரணத்தை விளக்கியவர் பிளாக். நீராவியைத் தனிக்கலத்தில் குளிர்விக்கும் யுக்தியை 1765-ல் வாட் தாமே கண்டார். பணமுடையில் கடன் கொடுத்து உதவியவர் பிளாக்.

பிறருக்கு இவ்வளவு செய்தவர், தம் கண்டுபிடிப்பை அச்சில் ஏற்ற மட்டும் ஏனோ முனையவில்லை. 1762-ல் கிளாஸ்கோ அறிஞர் கழகத்தில் படித்தார், ஆண்டுதோறும் வகுப்பில் சொன்னார், மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். அவ்வளவே. இதற்கிடையில் ஸ்வீடன் தேசத்து வில்கே தாமாகவே அதே உண்மையைக் கண்டு 1772-ல் வெளியிட்டுவிட்டார்.

1799-ல் எடின்பரோவில் பிளாக் காலமானார். மணம் செய்துகொள்ளாதவர். அவருடைய விரிவுரைகளை நண்பர் ஜான் ராபிசன் திரட்டி 1803-ல்தான் நூலாக்கினார்.