பிணங்களைச் சோதித்துப் புது நோயைக் கண்ட டாக்டர்

கழுத்தில் நெறி கட்டும். அக்குளிலும் கட்டும். பெரும்பாலும் வலி இராது. ஆனால் ஆள் நாளுக்கு நாள் மெலிந்துபோவார்.

காசநோயிலும் இப்படிக் கட்டுவது உண்டு. ஆகவே இரண்டையும் பிரித்து அறிவது கடினமாக இருந்தது.

இது தனி நோய் என்று எடுத்துச் சொன்னவர், தாமஸ் ஹாட்ஜ்கின்.

சவ அறையில் வேலை

ஹாட்ஜ்கின் 1798-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். எடின்பரோவில் படித்து, 1823-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்தது. இறந்தவர்களின் உடலை அறுத்துச் சோதிக்கும் வேலை! எந்த உறுப்பு எப்படிக் கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார்.

1832-ல் 7 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இது நெறிகளிலேயே தொடங்கும் நோய் என்று அதில் விளக்கினார். வெறும் கண்ணால் பார்த்தே இதைக் கண்டார். ஆனால் அந்தக் கட்டுரையை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை.

கை நழுவிய பதவி

கனடாவில் ஹட்சன்பே கம்பெனி விலங்குத் தோல் வியாபாரம் செய்துவந்தது. அங்குள்ள பூர்வகுடிகளை அது நடத்திய விதத்தை ஹாட்ஜ்கின் கண்டித்தார்.

ஆஸ்பத்திரியின் பொருளாளருக்கோ அந்தக் கம்பெனியில் தொடர்பு இருந்தது. 1837-ல் உதவி டாக்டர் பதவி காலியாயிற்று. அது ஹாட்ஜ்கினுக்குக் கிடைக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியை விட்டே விலகினார். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

1865-ல் சாமுவேல் வில்க்ஸ் என்ற டாக்டர், அந்த நோய்க்கு ஹாட்ஜ்கினின் பெயரையே சூட்டினார். அடுத்த ஆண்டே, பாலஸ்தீனத்தில் உள்ள யாப்பா நகரில், வயிற்றுக்கடுப்பால் ஹாட்ஜ்கின் காலமானார்.

மரபணு சொன்ன விடை

பின்னால் வந்தவர்கள் அந்த நெறிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஆந்தைக் கண் போல இரட்டைக் கரு கொண்ட பெரிய அணுக்கள் தெரிந்தன. அவை எதிலிருந்து வந்தவை?

நம் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் 'பி' வகை வெள்ளை அணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் மரபணுத் துண்டுகளைத் தனக்கென ஒரு வரிசையில் அடுக்கிக்கொள்ளும். அது கைரேகை போன்றது. பல அணுக்களில் ஒரே வரிசை இருந்தால், அவை ஒரே அணுவிலிருந்து பெருகியவை என்று தெரியும்.

1994-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் அந்தப் பெரிய அணுக்களைத் தனித்தனியே பொறுக்கிச் சோதித்தார்கள். அவை 'பி' அணுவின் வழி வந்தவை என்று தெரிந்தது. இத்தகைய மரபணுச் சோதனை, இன்று வெள்ளை அணுக்களில் உண்டாகும் பலவகைப் புற்றுநோய்களைக் கண்டறிய டாக்டர்களுக்கு உதவுகிறது.

ஹாட்ஜ்கின் இந்த நோயைப் பிணங்களில்தான் கண்டார். இன்று இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்துக்கொள்கிறார்கள்.