ஏரையும் டிராக்டரையும் இணைத்தவர்

லூனாஸ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஒரே டிராக்டர் பல வேலைகளைச் செய்வதைக் காணலாம். முன்புறம் வாளியைப் பொருத்தினால் அது சரளைக்கல்லை அள்ளித் தோட்டச் சாலையின் பள்ளங்களை நிரப்பும். வாளியைக் கழற்றிவிட்டு இடுக்கிக் கையை மாட்டினால் பழக்குலைகளைக் கவ்வித் தூக்கும். பின்புறத்தில் புல்வெட்டும் கருவியையோ உரம் தூவும் கருவியையோ இணைத்துக்கொள்ளலாம். இவ்வசதி தொடக்கத்திலேயே இருந்ததன்று. டிராக்டரின் வலிமையைப் போலவே, அது தன் கருவியோடு இணையும் முறையும் முக்கியமானது என்பதை உலகிற்கு உணர்த்தியவர் ஹாரி ஃபெர்குசன்.

இவர் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியில் டுரோமோர் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஓர் உழவர். பதினொரு பிள்ளைகளுள் இவர் நான்காமவர். பண்ணை வேலையின் கடுமை இவருக்குப் பிடிக்கவில்லை. இயந்திரங்களின்மீதே மனம் சென்றது. 1902-ஆம் ஆண்டில், பெல்ஃபாஸ்ட் நகரில் தம் அண்ணன் நடத்திய பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். விமானம் அரிய புதுமையாக இருந்த அக்காலத்தில், தாமே ஒன்றை உருவாக்கி, 1909-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் பறந்து காட்டினார். அயர்லாந்து மண்ணில் முதன்முதலில் விமானத்தில் பறந்தவர் என்ற பெருமை இவரைச் சேர்ந்தது.

முதலாம் உலகப்போர் இவரை மீண்டும் வயலுக்கே அழைத்து வந்தது. போரினால் உணவுத் தட்டுப்பாடு ஏற்படவே, உழவுக்கு டிராக்டர்களை மேலும் திறம்படப் பயன்படுத்தும் வழியைக் கண்டறியுமாறு 1917-இல் அயர்லாந்து வேளாண் வாரியம் இவரைக் கேட்டுக்கொண்டது. தம் உதவியாளர் வில்லியம் சாண்ட்ஸுடன் ஊர் ஊராகச் சென்று, டிராக்டர்கள் உழுவதை ஃபெர்குசன் கூர்ந்து கவனித்தார்.

அங்கே அவர் ஒரு பேராபத்தைக் கண்டார். அக்காலத்தில், குதிரையின் பின்னால் பூட்டுவதைப் போலவே டிராக்டரின் பின்னால் ஏரைக் கட்டி இழுத்தனர். ஏரின் கொழு மண்ணுக்குள் புதைந்திருக்கும் பாறையிலோ அடிக்கட்டையிலோ சிக்கினால், குதிரை நின்றுவிடும்; இயந்திரம் நிற்காது. பின்சக்கரங்கள் நகர முடியாத நிலையில், இயந்திரத்தின் விசை வண்டியின் முன்பகுதியை மேலே தூக்கும். டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து, ஓட்டுநரை நசுக்கிவிடும். இவ்வாறு பலர் உயிரிழந்தனர். டிராக்டரின் எடையைக் கூட்டினால் மண் இறுகிப் பயிர் வளர்ச்சி கெடும். எனவே, ஏரும் டிராக்டரும் ஒரே உடம்பின் இரு உறுப்புகளைப்போல் இயங்க வேண்டும் என்று ஃபெர்குசன் முடிவு செய்தார்.

பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பிறகு உருவானதே மும்முனை இணைப்பு. கீழே இரு கரங்கள் ஏரை இழுக்கும். மேலே ஒரு கரம் அதைத் தாங்கும். ஏர் எதிலாவது மோதினால், மேற்கரம் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அதனால் முன்சக்கரங்கள் மேலெழும்பும் ஆபத்து பெரிதும் குறைந்தது. உழும்போது ஏரின் எடையும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரங்களின்மேல் இறங்குவதால், எடை குறைந்த டிராக்டரும் வழுக்காமல் உழுதது.

ஏரை உயர்த்தவும் தாழ்த்தவும் அவர் எண்ணெயின் அழுத்தத்தைப் பயன்படுத்தினார். மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட உண்மை. டிராக்டரின் பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் செலுத்த, பிஸ்டன் நகர்ந்து கரங்களைத் தூக்கும். மண் கடினமானால் மேற்கரத்தின் அழுத்தம் கூடும். அது ஒரு வால்வை நகர்த்தி, ஏரைத் தானாகவே சற்று உயர்த்தும். இம்முறைக்கு 1926-இல் காப்புரிமை கிடைத்தது. 1936-இல் டேவிட் பிரவுன் என்பவரோடு சேர்ந்து அவர் டிராக்டர் தயாரிப்பில் இறங்கினார். ஆனால், விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை.

1938-ஆம் ஆண்டு அக்டோபரில், ஃபெர்குசன் அமெரிக்காவுக்குச் சென்று ஹென்றி ஃபோர்டின் முன்னிலையில் தம் டிராக்டரை இயக்கிக் காட்டினார். வியந்துபோன ஃபோர்டு கூட்டுத் தொழிலுக்கு இசைந்தார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர்; எழுத்தில் எதுவும் இல்லை. 1939 முதல் மூன்று இலட்சத்திற்கும் அதிகமான டிராக்டர்கள் உருவாயின. ஆயினும், ஃபோர்டின் பேரனிடம் நிர்வாகம் சென்றபின், 1947-இல் உறவு முறிந்தது. ஃபெர்குசனின் கண்டுபிடிப்புகளைக் கொண்ட புதிய டிராக்டரை ஃபோர்டு நிறுவனம் தனியே விற்றது. அவர் வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகள் நீடித்த அவ்வழக்கு, 1952-இல் 9.25 மில்லியன் டாலர் இழப்பீட்டுடன் முடிந்தது.

அதற்குள் அவர் இங்கிலாந்தில் புதிய தயாரிப்பைத் தொடங்கியிருந்தார். 1946 முதல் 1956 வரை, கவென்ட்ரி நகரில் ஐந்து இலட்சத்திற்கும் அதிகமான சிறிய சாம்பல் நிற டிராக்டர்கள் உருவாயின. எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹில்லாரி, 1958-இல் ஃபெர்குசன் டிராக்டர்களிலேயே தென் துருவத்தை அடைந்தார். 1953-இல் ஃபெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாசி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. பின்னர் மாசி ஃபெர்குசன் எனப் பெயர் பெற்றது.

இன்றைய லோடர்களில் அவரது எண்ணம் மேலும் வளர்ந்துள்ளது. எண்ணெய்க் குழாய்கள் லோடரின் கரத்தை ஒட்டிச் சென்று, அதன் முனையில் கப்ளர் எனப்படும் இணைப்புகளில் முடிகின்றன. இடுக்கியைத் திறக்கவும் மூடவும் வேண்டியிருப்பதால் கப்ளர்கள் இணையாகவே அமைகின்றன: ஒன்றில் எண்ணெய் செல்லும், மற்றொன்றில் திரும்பும். இரு பாதிகளையும் சேர்த்து அழுத்தினால் உள்ளிருக்கும் வால்வுகள் திறக்கும்; பிரித்தால் சுருள்வில் அவற்றை மூடிவிடும். குழாய்களை மாற்றி மாட்டினால், மூட வேண்டிய இடுக்கி திறந்துகொள்ளும். எனவே அவற்றை வண்ணமிட்டு அடையாளப்படுத்துவது நல்லது. கழற்றும் முன் கரத்தைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தைப் போக்க வேண்டும்; மாட்டும் முன் முனைகளைத் துடைக்க வேண்டும். எண்ணெய்க் கசிவை ஒருபோதும் வெறுங்கையால் தடவிப் பார்க்கக் கூடாது. மிகுந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்.

ஹாரி ஃபெர்குசன் 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் காலமானார். அதே ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம், மாசி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தமிழ் மண்ணிலேயே தயாரிக்கத் தலைப்பட்டது. ஃபெர்குசனின் மும்முனை இணைப்பு இன்று உலகெங்கும் டிராக்டர்களின் பொது அமைப்பாகிவிட்டது. உழைப்பவரின் உயிரைக் காக்கும் கருவியே சிறந்த கருவி என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.