ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

தம்பி தங்கைகளே, இந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்கள்: 6,746,328,388,800. ஸ்ரீனிவாச ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட ஒரு பட்டியல் இந்த எண்ணோடுதான் முடிகிறது.

நான் இளைஞர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பவன். ராமானுஜன் பேரை எடுத்தாலே, நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து விடை சொன்னாங்களாமே என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதையோடு நிறுத்திக்கொண்டால் அவர் பட்ட பாடு நம் கண்ணில் படாமலே போய்விடும்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடையில் குமாஸ்தா. கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்ததால் மற்ற பாடங்களில் தோற்றார், உதவித்தொகையும் போனது. பட்டம் இல்லை, வேலை இல்லை. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழிப்பார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. மறு வருஷம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-இல் கப்பலேறினார்.

அங்கே அவர் ஆராய்ந்தது என்ன? 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்களால் மீதியில்லாமல் வகுக்கலாம். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளில் முந்துகிற எண்களைத்தான் அவர் தேடினார். அவற்றைப் பகா எண்களாகப் பிரித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சின்னப் பகா எண் வரும் தடவையைவிடப் பெரியது அதிகமாக வராது. கடைசிப் பகா எண் ஒரே தடவைதான் வரும். 4, 36 இரண்டு மட்டும் விலக்கு. இதையெல்லாம் அவர் நிரூபித்தார்.

நம்ம எண்ணில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை வருகின்றன. ஒவ்வொரு தடவைக் கணக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. மொத்தம் 10,080 காரணிகள்! கணினி இல்லாத காலத்துக் கணக்குங்க இது.

நூறுக்கும் மேற்பட்ட எண்கள் உள்ள அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று விடுபட்டிருந்தது: 293,318,625,600. அதை 23-ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண்ணே வந்துவிடும்! கனவில் வந்த பட்டியலாக இருந்தால் ஒன்று விட்டுப்போகுமா? மனிதன் உட்கார்ந்து உழைத்ததன் அடையாளம் அது.

போர்க்காலத்தில், சைவச் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டு செய்த இந்த ஆய்வுக்குத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. ஊரில் கிடைக்காத பட்டம்! 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920-இல், 32 வயதிலேயே காலமானார். பணமுடையால் அன்று அச்சாகாத ஆய்வின் மீதிப் பகுதி 1997-இல்தான் வெளிவந்தது.

ஒரு தேர்வில் தோற்றுவிட்டோம் என்று முடங்கிக் கிடக்கும் தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். கூடவே ஒரு காகிதத்தையும் கொடுங்கள். 60-ஐப் பிரித்துப் பார்க்கட்டும். 12 காரணிகள் வரணும்.