சகோதரி சுப்புலட்சுமி

வீடு இடிந்தால் கட்டிக்கொள்ளலாம். பொருள் போனால் தேடிக்கொள்ளலாம். ஆனால் கணவனை இழந்த சிறுமியின் வாழ்க்கை மாத்திரம் அன்றோடு முடிந்தது என்று நமது சமூகம் தீர்ப்பளித்து வந்த காலம் ஒன்று இருந்தது. அத்தீர்ப்பைப் பிரசங்கத்தினாலன்றித் தமது வாழ்க்கையினாலேயே தள்ளுபடி செய்தவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மாள்.

1886-ம் வருஷம் மயிலாப்பூரில் பிறந்த அவருக்கு 11-வது வயதில் விவாகம். சிறிது காலத்திற்குள் வைதவ்யம். விவாகம் இன்னதென்று அறியாத பருவத்தில் அதன் துக்கம் முழுவதும் அவர் தலைமீது விழுந்தது. ஊரார் விதித்தது மூலையும் மௌனமும். தந்தையார் சுப்பிரமணிய ஐயரோ, மகளின் கூந்தலைக் களைய இசையாமல், அவள் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். ஏளனமும் பகிஷ்காரமும் தொடர்ந்தன. அவற்றுக்கு அந்தப் பெண் வார்த்தையால் மறுமொழி கூறவில்லை. 1911-ல் ராஜதானிக் கலாசாலையில் பி.ஏ. தேறினார்.

கரையேறியவர் வெள்ளத்தைத் திரும்பிப் பார்ப்பது அரிது. சுப்புலட்சுமியோ திரும்பிப் பார்த்தார். 1912-ல் எழும்பூரில், தம்மைப் போன்ற ஒரு சில இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு இல்லம் தொடங்கினார். கல்வி இலாகாவைச் சேர்ந்த லிஞ்ச் அம்மையார் துணை நின்றார். இல்லம் வளர்ந்து, கடற்கரை ஐஸ் ஹவுஸை அடைந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைக் காப்பதற்கென எழுந்த அக்கட்டடம், உறைந்து கிடந்த பல உயிர்கள் மீண்டும் தளிர்த்த இடமாயிற்று. கோபாலபுரத்திலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் செல்லும் நண்பர்கள் அங்கே ஒரு கணம் நின்று இதை நினைத்தல் தகும்.

1922-ல் லேடி வெலிங்டன் போதனா கலாசாலையின் தலைமை அவரிடம் வந்தது. அரசாங்க இல்லத்தில் வயது வந்த பெண்களுக்கு இடமில்லாமையால், 1927-ல் சாரதா வித்தியாலயம் தோன்றியது. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்கென்றே இருந்தது ஒரு குறையே, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அங்கே பயின்று உபாத்தியாயினிகளாக வெளிவந்தவர்கள், எல்லா வகுப்புச் சிறுமிகளுக்கும் எழுத்தறிவித்தார்கள் என்பதையும் மறத்தல் நியாயமன்று. 1952 முதல் 1956 வரை சட்ட மேல்சபையிலும் பணியாற்றிய அம்மையார், 1969-ல் காலமானார்.

வாழ்க்கை ஒரு வாயிலை அடைக்கும்போது அழாதவர் இலர். அழுத பின் என்ன செய்வது என்பதே கேள்வி. மேடையில் விடுதலை பேசி, இல்லத்தில் ஒரு பெண்ணை மூலையில் இருத்துவோருக்கு இவ்வம்மையாரைப் புகழும் உரிமை கிடையாது. தந்தை ஒருவர் கொடுத்த புத்தகத்திலிருந்து இத்தனையும் விளைந்தன. நம் வீட்டில் அவ்வாறு காத்திருக்கும் கை எது என்று ஒவ்வொருவரும் பார்ப்பாராக.