ஜெய்பால் சிங் கேட்ட கேள்வி

ஹாக்கின்னா உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? தியான் சந்த்! எனக்கும் அப்படித்தான். ஆனா 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல் தங்கம் வாங்கியபோது கேப்டன் அவர் இல்லை. ஜெய்பால் சிங் முண்டா. வினாடி வினாவுக்காக இந்தப் பெயரை மனப்பாடம் செய்தேன். அப்புறம் அவர் வாழ்க்கையைப் படித்தபோதுதான் தெரிந்தது, ஹாக்கி அதில் பாதிகூட இல்லை.

இன்றைய ஜார்க்கண்டில் குந்தி பக்கம், முண்டா பழங்குடியினர் வாழும் ஒரு கிராமத்தில் 1903இல் பிறந்தார். ராஞ்சியில் மிஷன் பள்ளியில் படித்தார். பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து பள்ளி முதல்வரே இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்கினார். ஐ.சி.எஸ்.ஸுக்கும் தேர்வாகிவிட்டார். இந்தக் காலத்து ஐ.ஏ.எஸ். மாதிரி அது. பயிற்சியில் இருக்கும்போது கேப்டனாக வரச் சொல்லி அழைப்பு. லீவு கேட்டார், கிடைக்கலை. லீவு இல்லாமலே போயிட்டார்! (நாம செய்தால் மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வரணும்.) இந்தியா போட்டது 29 கோல், வாங்கியது ஒன்றுகூட இல்லை. அணிக்குள் ஏற்பட்ட மனஸ்தாபத்தால் இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. திரும்பி வந்ததும் இன்னும் ஒரு வருஷம் பயிற்சி செய்யச் சொன்னார்கள். வேலையே வேண்டாம் என்று உதறிவிட்டார்.

பிறகு ஆப்பிரிக்காவிலும் ராய்ப்பூரிலும் ஆசிரியர் வேலை, பிகானீர் சமஸ்தானத்தில் உத்தியோகம். 1939இல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார்.

நான் சொல்ல வந்த விஷயமே இனிமேல்தான். நாட்டுக்குச் சட்டம் எழுத 1946இல் அரசியல் நிர்ணய சபை கூடியது. அதில் அவரும் உறுப்பினர். டிசம்பர் 19ஆம் தேதி எழுந்து, தன்னைக் காட்டுவாசி என்று சொன்னால் அதில் தனக்குப் பெருமைதான் என்றார். பழங்குடி மக்களுக்கு யாரும் ஜனநாயகம் கற்றுத்தர வேண்டாம், அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்றார். சபையில் ஆண்கள் ரொம்ப அதிகம், பெண்கள் இன்னும் வரணும் என்றும் சொன்னார். மொத்தமே 15 பெண்கள்தான் அந்தச் சபையில் இருந்தார்கள்.

அடுத்த மாதம், 1947 ஜனவரி 24இல், சிறுபான்மையினர், பழங்குடிப் பகுதிகள் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு குழு போட்டார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஜெய்பால் ஒரு கேள்வி கேட்டார். பழங்குடிப் பெண் ஒருத்தி பெயர்கூட இதில் இல்லையே, எப்படி விட்டுப்போச்சு? எனக்கு இந்த இடத்தில் புல்லரிச்சிடுச்சு. அவங்க ஆட்களுக்கு இடம் கிடைத்தால் போதும் என்று அவர் உட்கார்ந்திருக்கலாமே!

நிலம் பறிபோகக்கூடாது என்பதையும் சபையில் திரும்பத் திரும்பப் பேசினார். பழங்குடிப் பகுதிகளில் நிலம் கைமாறுவதைத் தடுக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் ஆளுநருக்கு இருக்கிறது. அதில் வரும் பழங்குடியினர் குழுவுக்கோ ஆலோசனை சொல்வது மட்டுமே வேலை.

தனி ஜார்க்கண்ட் மாநிலம் கேட்டுக் கட்சி நடத்தியவர், 1963இல் அந்தக் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்துவிட்டார். கூட இருந்தவர்களில் பலருக்கு அது பெரிய ஏமாற்றம். 1970இல் டெல்லியில் இறந்தார். ஜார்க்கண்ட் பிறந்தது 2000 நவம்பர் 15இல்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எங்கள் சமூகத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று ஜெய்பால் சபையில் சொன்னார். ஆனால் முண்டா, ஹோ மக்களின் வழக்கப்படி அப்பாவின் நிலம் மகன்களுக்குத்தான் போகும். வயலில் நாற்று நடுவது மகள்தான், ஆனால் பங்கு கிடையாது. இதை எதிர்த்துப் பெண்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996இல் வந்த தீர்ப்பு அந்தச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. நிலத்தை நம்பி வாழும் பெண்களை வெளியேற்றக்கூடாது என்று மட்டும் சொன்னது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டத்தில் கொஞ்சம் மாற்றம்: கல்யாணமானவர்களுக்குப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரணும். 2025 ஜூலையில் கோண்டு இனப் பெண் ஒருவரின் வாரிசுகள் நடத்திய வழக்கில், பெண் என்பதற்காகப் பங்கை மறுக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஜெய்பால் கேள்வி கேட்டு 78 வருஷம் கழிச்சு!

கடைசியா ஒரு ஹாக்கிச் செய்தி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் அணியில் நிக்கி பிரதான் ஆடினார். ஜார்க்கண்டிலிருந்து ஒலிம்பிக் போன முதல் ஹாக்கி வீராங்கனை அவர்தான். சொந்த மாவட்டம், ஜெய்பாலின் அதே குந்தி.