தந்தையின் விருப்பம்

நாகர் மலைப்பகுதியில் சாங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1918 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28 ஆம் நாள் தாலிமெரன் ஆவோ பிறந்தார். அவருடைய தந்தையார் கிறித்தவச் சமயப் போதகர். கந்தல் துணிகளைச் சுருட்டிச் செய்த பந்தைக் கொண்டு தாலிமெரன் விளையாடினார்.

அவர் இளைஞராக இருந்தபோதே டைபாய்டு காய்ச்சலால் தந்தையார் இறந்தார். மகன் மருத்துவராகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதனை நெஞ்சில் நிறுத்திய தாலிமெரன், குவாகாத்தியிலுள்ள காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர்க் கொல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவில், வேற்றுமொழி பேசும் பெருநகரில் அவருடைய மாணவப் பருவம் கழிந்தது.

அந்நகரின் புகழ்பெற்ற மோகன் பகான் கழகத்தில் 1943 ஆம் ஆண்டு அவர் இடம்பெற்றார். எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே தடுத்து நிறுத்தும் ஆற்றல் அவருக்கு இருந்தது. விரைவில் கழகத்தின் தலைவரானார். பகலில் பாடமும் மாலையில் பந்துமாக நாள்கள் நகர்ந்தன.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1948 இல் இலண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. விடுதலை பெற்ற இந்தியாவின் கால்பந்து அணிக்குத் தலைமை ஏற்றவர், மருத்துவக் கல்வியை இன்னும் முடிக்காத தாலிமெரனே! தொடக்க விழாவில் நாட்டின் கொடியையும் அவரே ஏந்தினார். சூலை 31 இல் இந்தியா பிரான்சை எதிர்கொண்டது. நம் வீரர்களுள் பெரும்பாலோர் காலணியின்றி ஆடினர். பிரான்சு முதலில் ஒரு கோல் அடித்தது. சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் ஆட்டம் சமனானது. இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் கைநழுவின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் அடித்து, 2–1 என வென்றது. ஆயினும் வெறுங்காலுடன் ஆடிய அணியை அயல்நாட்டவரும் பாராட்டினர்.

புகழ் தேடி வந்தபோதும் தாலிமெரன் கல்வியைக் கைவிடவில்லை. 1950 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்த் தம் மலைநாட்டிற்கே திரும்பி, கோகிமா மருத்துவமனையில் பணியாற்றினார். 1963 இல் நாகாலாந்தின் நலவாழ்வுத் துறை இயக்குநரானார். 1978 இல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13 இல் இயற்கை எய்தினார்.

ஆடுகளத்தில் அவர் பெற்ற புகழ் நாடறிந்தது. எனினும், தந்தையார் விரும்பியவாறு தம் மக்களின் நோய் தீர்த்த ஆண்டுகளே எண்ணிக்கையில் மிகுதி.

சிந்தித்து விடை எழுதுக:

1. தாலிமெரனின் தந்தையார் விரும்பியது யாது?
2. 1948 ஆம் ஆண்டுப் போட்டியில் தோற்றும் இந்திய அணி பாராட்டப்பெற்றது ஏன்?
3. பட்டம் பெற்றபின் தாலிமெரன் மலைநாட்டிற்குத் திரும்பியது பற்றி உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.